கல்லூரி மலர்களும் தலவிலக் கரையும்

வெள்ளி விழா, பொன் விழா, நூற்றாண்டு விழா என ஒரு கல்லூரி தன் வயதைக் கொண்டாடும்போது மலர் ஒன்றை வெளியிடுவது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கம். கத்தோலிக்கக் கல்லூரிகள் இத்துறையில் முன்னணியில் நிற்பவை. வழவழப்பான தாள், ஆயரின் ஆசியுரை, அமைச்சரின் வாழ்த்துச் செய்தி, அதிபர்களாக இருந்த குருமாரின் உருவப்படங்கள் கால வரிசையில், அடிக்கல் நாட்டிய நாள், மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்த நாள், விஞ்ஞான ஆய்வுகூடம் திறந்த நாள், கிரிக்கெட் ஆட்டத்தில் பெற்ற வெற்றிகள், இறுதியாக, நீதியரசர்களும் வைத்தியர்களும் சிவில் சேவை உத்தியோகத்தர்களுமாகிய பழைய மாணவர் பட்டியல். எந்த ஊர்க் கல்லூரி மலரை எடுத்தாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

இதை ஓர் இலக்கிய வடிவமாகவே கொள்ளலாம். நம் பழைய தல புராணங்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. புராணத்தில் திருநாட்டுப் படலம் இருந்த இடத்தில் இங்கே கட்டட வரலாறு இருக்கிறது. முனிவர் வந்து தவம் செய்த இடத்தில் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் கப்பலில் வந்திறங்குகிறார். பூசித்துப் பேறு பெற்றவர்களின் வரிசைதான் பழைய மாணவர் பட்டியல். புராணத்தில் இல்லாத ஒன்று மலரிலும் இல்லை. கோயிலுக்குக் கல் சுமந்தவன் யார், அந்தக் கல்லுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, சுமந்தவனின் பிள்ளை உள்ளே வந்தானா என்ற விவரமே அது.

இந்தக் கேள்விகளை எழுப்பக் கொழும்பின் விளையாட்டு மைதானங்களைக் காட்டிலும் தலவில ஏற்ற இடம். கற்பிட்டித் தீபகற்பத்தில், ஒரு புறம் கடலும் மறு புறம் புத்தளக் களப்புமாகக் கிடக்கும் மணற்பரப்பில், புனித அன்னம்மாளின் திருத்தலம் நிற்கிறது. மன்னாரிலிருந்து கொழும்புக்குக் கால்நடையாகச் சென்ற போர்த்துக்கேயன் ஒருவன் மரத்தடியில் களைத்து உறங்கியபோது ஒளியுடன் கூடிய காட்சியைக் கண்டான் என்பது ஒரு கதை. கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகன் நேர்ந்துகொண்ட கோயில் என்பது மற்றொன்று. இன்று நிற்கும் கோயிலின் திருப்பணி 1837இல் தொடங்கி 1843இல் நிறைவெய்தியது. மார்ச்சு மாதத்திலும், ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டுத் தொடக்கம் வரையிலும், ஆண்டுக்கு இரு திருநாள்கள். லட்சக்கணக்கில் மக்கள் திரண்டு மணலில் கூடாரம் அடித்துத் தங்குகின்றனர். நீர்கொழும்பு மீனவனும் மன்னார் விவசாயியும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் ஒரே கிணற்றடியில் தண்ணீர் மொள்ளுகின்றனர். சிங்களத்திலும் தமிழிலும் பூசை நடக்கிறது. கத்தோலிக்கர் அல்லாதாரும் நேர்த்திக்கடன் செலுத்த வருகின்றனர். இத்தீவில் இரு மொழி மக்கள் பகையின்றி ஒரே மணலில் படுத்துறங்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

ஆனால் இங்கே கல்லூரி இல்லை. கத்தோலிக்கக் கல்வியின் பெருமைக்குரிய பெயர்களெல்லாம் கொழும்பில், யாழ்ப்பாணத்தில், நீர்கொழும்பில் இருக்கின்றன. கடலைக் கடந்தால் திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் இருக்கின்றன. இந்த இடைவெளி எவ்வாறு ஏற்பட்டது?

ஒல்லாந்தர் ஆட்சியில் இந்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை வேட்டையாடப்பட்ட சபையாக இருந்தது. குருமாருக்கு நாட்டில் இடமில்லை. அந்நாளில் கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தில் கரையேறினார். பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துள் புகுந்தார். 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரியில் காலிமுகத் திடலில் பாப்பரசர் அவரைப் புனிதர் எனப் பிரகடனம் செய்தார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். அவர் இறந்ததும் இந்தக் கரையில்தான், போலவத்தையில், 1742இல். இந்த இருவரிடமும் கட்டடம் இல்லை, அரசாங்க மானியம் இல்லை, ஆங்கிலம் இல்லை. மக்கள் பேசிய மொழியில் பேசவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. நிர்ப்பந்தம் சில வேளைகளில் நல்லாசிரியன். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று கொன்சால்வெஸ் போற்றப்படுவதற்கு இதுவே காரணம்.

கல்லூரி என்ற ஸ்தாபனம் பிரித்தானியர் ஆட்சியோடு வருகிறது. 1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினர்; 1883இல் அது திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. யாழ்ப்பாணத்தில் 1850இல் ஆங்கிலப் பாடசாலையாக முளைத்தது 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி ஆயிற்று. கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரி 1896இல் திறக்கப்பட்டது. இலங்கையில் இந்த வளர்ச்சிக்கு வழிவகுத்தவர் ஆயர் பொன்ஜோன். மோர்கன் குழுவின் அறிக்கையை அடுத்து 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபோது, சமயச் சபைகள் பாடசாலை நடத்த, அரசாங்கம் மானியம் வழங்கும் முறை உறுதிப்பட்டது. அந்த ஏற்பாட்டுக்காக ஓயாது வாதாடியவர் அவர். பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்ப மானியம். குடியேற்ற அரசுக்கு மலிவான எழுதுவினைஞர் கிடைத்தனர். சபைக்கு ஒல்லாந்தர் காலத்தில் இழந்த மதிப்புக் கிடைத்தது. நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு உத்தியோகம் கிடைத்தது. மூவருக்கும் இலாபமான வியாபாரம். இதில் குருமாரின் தனிப்பட்ட தியாகத்தை நாம் மறுக்கவில்லை. குடும்பமும் சொத்தும் இன்றி, பிறந்த நாட்டுக்குத் திரும்பாது இந்த வெயிலில் மாண்ட பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் பலர். தியாகத்தின் பயன் எந்த வர்க்கத்தைச் சென்றடைந்தது என்பதே வரலாற்றாசிரியன் கேட்க வேண்டியது.

இம்முறையில் இருவகைப் பாடசாலைகள் தோன்றின. கோயிலோடு ஒட்டி, தாய்மொழியில், கட்டணமின்றி, ஓரிரு ஆசிரியரோடு இயங்கிய கிராமப் பாடசாலை ஒன்று. நகரத்தில், ஆங்கிலத்தில், கட்டணத்தோடு, இலத்தீனும் கணிதமும் கற்பித்த கல்லூரி மற்றொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற ஏணி இருக்கவில்லை. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையில், மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். அப்பங்கைத் திரட்டும் உரிமை குத்தகைக்கும் விடப்பட்டது. கரைவலை இழுத்தவனின் உழைப்பிலிருந்து ஒரு பகுதி கோயிலுக்கும், வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டிக்குப் பெரும் பகுதியும் போக, எஞ்சியதில் அவன் குடும்பம் வாழ்ந்தது. காற்று மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு வேறு கரைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளைக்கு மூன்று தவணைகள் கொண்ட பள்ளி ஆண்டு என்ன பொருள் தரும்? இந்தப் பஞ்சாங்கத்தை வகுத்தவர்கள் கடலின் பஞ்சாங்கத்தைக் கேட்டதில்லை.

திருச்சிக் கல்லூரியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று அது தூய வளனார் கல்லூரி. சூசையப்பருக்கு வளன் என்ற பெயரைச் சூட்டியவர் தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர். ஈழத்தில் நாம் இன்னமும் சூசையப்பர் என்கிறோம். ஒரே புனிதருக்குக் கடலின் இரு புறமும் இரு பெயர்கள். தெப்பக்குளக் கரையில் கிளைவின் வீடு என வழங்கும் பழைய மாளிகை இக்கல்லூரியின் மாணவர் விடுதியாயிற்று என்பது வரலாற்றின் குறும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்த குருமாரின் பேரவா பிராமண மாணவர்களை மனம் திருப்புவது. அவ்வாறு மனம் திரும்பிய சிலருக்கெனப் புனித மரியன்னை தோப்பு என்ற தனிக் குடியிருப்பே அமைத்துக் கொடுத்தனர். அறிவுலகில் உச்சியைப் பிடித்தால் அடிவாரம் தானே வந்துவிடும் என்ற எண்ணம் நொபிலியின் காலத்திலிருந்து தொடர்ந்தது. அதே இயேசு சபையார், திருநெல்வேலியைச் சேர்ந்த வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு புறமாக மக்களைப் பிரித்து நிறுத்தும் இரட்டை மண்டபக் கோயிலை 1872இல் கட்டினர். நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லூரி வகுப்பில் எல்லாரும் ஒரே வாங்கில் அமர்ந்தனர் என்று மலர்கள் பெருமை கொள்ளும்போது, அந்த வாங்குவரை வந்தவர் யார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இராமேசுவரத்துப் படகுக்காரரின் மகனான அப்துல் கலாம் 1950இலிருந்து 1954 வரை இக்கல்லூரியில் படிக்கவில்லையா என்று கேட்பார்கள். படித்தார். முஸ்லிம் குடும்பத்து ஏழை மாணவனுக்கு அக்கல்லூரி இடம் கொடுத்தது அதன் சிறப்பே. விதிவிலக்கின் படத்தை மலரின் முகப்பில் அச்சிடுவது எளிது. அதே கரையிலிருந்து வராமற்போனவர்களின் படத்தை அச்சிட முடியாது.

கல்லூரிக் கல்வியின் குணத்தை ஒரே வாழ்க்கையில் காண விரும்புவோர் தனிநாயகம் அடிகளைப் பார்க்கலாம். 1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, பத்திரிசியார் கல்லூரியில் பயின்று, கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவக் கல்வி பெற்றவர். ஐரோப்பிய மொழிகள் பல அவர் வசமாயின. தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றதோ குருவான பிறகு! மேலே சொன்ன அதே வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது பண்டிதர் ஒருவரிடம் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முடித்தார். 1952இல் ‘தமிழ்க் கலாசாரம்’ என்னும் பொருள்படும் ஆங்கில முத்திங்கள் ஏட்டை நிறுவியவரும், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றவரும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. கல்லூரி அவருக்கு உலகத்தைக் கொடுத்தது. வீட்டு மொழியின் இலக்கியத்தை அவர் வெளியே போய்த் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. இத்தகைய மனிதர் ஒருவருக்காகக் கல்லூரிகள் பெருமை கொள்ளலாம். அவரைப் போலத் தேடிச் செல்ல வாய்ப்பற்ற ஆயிரவர் என்ன ஆயினர்?

இனி, கலைத்துறைக்கு வருவோம். வாசகர் பலர் அறியாத செய்தி இங்கே இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணம், மன்னார், சிலாபம், நீர்கொழும்புக் கரையில் கத்தோலிக்க மக்கள் தமிழ்க் கூத்து மரபை வேதாகமக் கதைகளுக்கும் புனிதர் சரிதங்களுக்கும் ஏற்றி ஆடிவந்தனர். மூவிராசாக்கள் கதை அவற்றுள் ஒன்று. இந்தத் தமிழ்க் கூத்தே கரையோரச் சிங்களக் கத்தோலிக்கரிடம் சென்று ‘நாடகம’ ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பைச் சேர்ந்த கொல்லர் பிலிப்பு சிங்ஞோ அதைச் சிங்களத்தில் வளர்த்தார். அந்த வடிவத்தின் இசையும் அமைப்பும் பேராசிரியர் சரச்சந்திரவின் கைக்கு வந்து, 1956இல் ‘மனமே’ என்ற நாடகமாகி, சிங்களத் தேசிய அரங்கின் திருப்புமுனை ஆயின. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு! தமிழ் மீனவன் மணலில் ஆடிய கூத்தின் பேரப்பிள்ளை, சிங்கள அரங்கின் தலைப்பிள்ளை. அந்த எழுச்சியைக் கண்ட பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் தமிழ்க் கூத்தை மீட்கும் பணியில் இறங்கினார். மன்னார்க் கத்தோலிக்க நாடகங்கள் சிலவற்றை 1960களில் அச்சேற்றினார்.

இந்த வரலாற்றில் கல்லூரிகளின் பங்கு என்ன? ஆங்கில நாடகம் போடுவதே அவற்றின் மேடைப் பெருமையாக இருந்தது. ஷேக்ஸ்பியரை நாம் வெறுக்கவில்லை. தமது சபையின் மக்களே படைத்து, இரு மொழிகளுக்கும் பாலமாக்கிய ஒரு கலையைக் காண வேற்று மதத்துப் பேராசிரியர்கள் பேராதனையிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதுதான் உறுத்துகிறது. கல்லூரி தோன்றுவதற்கு முன்பே இந்தக் கரைக்கு அறிவு வறுமை இருந்ததில்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் இடவிவரத் தொகுதியையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். கல்லூரி யுகம் இக்கரைக்கு அவருக்கு இணையான இன்னொருவரைத் தந்ததா என்று கேட்டால், விடை சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

மொழிப் பிரச்சினை இதைவிடக் கடுமையானது. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை, இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் தமிழ் பேசிய மீனவக் கிராமங்கள் பல இன்று சிங்களம் பேசுகின்றன. பாட்டி செபம் சொன்ன மொழி பேத்திக்குப் புரிவதில்லை. சிலாப மறைமாவட்டம் 1939இல் உருவாயிற்று. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்தவர் எட்மண்ட் பீரிஸ். அவர் கல்விமான், இந்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை ஆராய்ந்தவர். கரையோரப் பாடசாலைகளில் தமிழுக்குப் பதிலாகச் சிங்களம் போதனாமொழி ஆனதில் அவருடைய பங்கு பெரிது. இதனை ஒரு மனிதரின் செயலாகவே காண்பதும் பிழை. மீன் கொழும்புச் சந்தைக்குப் போயிற்று. வியாபாரியும் படகுக்குக் கடன் கொடுத்தவனும் சிங்களம் பேசினர். 1956க்குப் பின் உத்தியோகத்தின் மொழியும் அதுவே. பொருளாதாரம் தள்ளிய கதவைப் பாடசாலை அகலத் திறந்து வைத்தது.

சிங்கள மொழியின்மீது நமக்குப் பகையில்லை. அதுவும் ஓர் உழைக்கும் மக்களின் மொழி; நீர்கொழும்பு மீனவன் இரண்டையும் பேசினால் நாட்டுக்கு நல்லது. இரண்டையும் கற்பிக்கும் பாடசாலையைக் கொன்சால்வெஸின் வாரிசுகளால் நடத்தியிருக்க முடியும். அவர்கள் ஒன்றை எடுத்து மற்றதை வைத்தார்கள். கொழும்பின் கத்தோலிக்கக் கனவான் தன் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமென்று கேட்டுப் பெற்றான். கடற்கரைத் தாயிடம் உன் பிள்ளைக்கு எந்த மொழி வேண்டும் என்று யாரும் வாக்கெடுக்கவில்லை.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தபோது அதனைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் கத்தோலிக்கத் தலைமை முதன்மையானது. கொழும்பு சூசையப்பர் கல்லூரி அதிபர் பீற்றர் பிள்ளை அடிகள் அந்த அணியின் அறிவுத் தலைவர். தொழிலாளரின் நியாயமான கூலிக்காகப் பேசியவரும் எழுதியவரும் அவர்தாம் என்பதையும் மறைக்கக் கூடாது. தொழிலாளிக்கு நீதி வேண்டும், அவன் பிள்ளைக்கு இலவசக் கல்வி வேண்டாம் என்ற நிலைப்பாடு எப்படி ஒரே நெஞ்சில் தங்கிற்று? சமய சுதந்திரம் பறிபோகும் என்ற அச்சம் உண்மையானதே. அதன் நிழலில், கட்டணத்தால் காக்கப்பட்ட வர்க்க எல்லையும் பத்திரமாக நின்றது.

1960 டிசம்பரில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதற்கான சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்க, கொழும்புக் கத்தோலிக்கக் கன்னியர் மடப் பாடசாலை ஒன்றில் பயின்றவர். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகத் தங்கினர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியாஸ் வந்து பேசியபின், 1961 ஜனவரியில் அப்போராட்டம் கைவிடப்பட்டது. இந்த நிகழ்ச்சியைத் திருச்சபையின் சிலுவைப்பாடாக மலர்கள் எழுதுகின்றன. நமது இடதுசாரிகள் வெற்றி விழாவாக எழுதினர். இரண்டும் முழு உண்மையாகா. சட்டம் உயர்தரப் பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி விட்டது: கட்டணம் வாங்காது தனியாராகவே இருக்கலாம். கொழும்பு சூசையப்பர் போன்ற பெருங் கல்லூரிகள் அவ்வழியே தப்பின. கோயிலோரக் கிராமப் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. எனவே சபையின் கையில் எஞ்சியது பெரும்பாலும் வசதி படைத்தோர் நாடும் கல்லூரி. சபை இழந்தது மீனவனின் பிள்ளை படித்த ஓலைக் கொட்டகை. வாசலில் நின்று பிள்ளைக்காகக் காவல் இருந்தவர்கள் யாரெனில், அந்த ஓலைக் கொட்டகைப் பெற்றோரே.

அரசாங்கம் எடுத்த பின் கற்பிட்டிக் கரையின் பாடசாலைகள் செழித்தனவா? முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இக்கேள்வியைத் தவிர்க்கலாகாது. விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் இல்லை என்ற குறை கரையோரக் கிராமங்களின் நிரந்தரக் குறை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இந்தத் தீபகற்பத்தில் வந்து ஒதுங்கியபோது, ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த வகுப்பறைகளே அவர்கள் பிள்ளைகளையும் தாங்க வேண்டியிருந்தது. உடைமை மாறினால் உள்ளடக்கமும் தானே மாறும் என்று நம் முன்னோர் எண்ணியது அவசர முடிவு.

மாற்றம் சபைக்குள்ளிருந்தும் வந்தது என்பதைச் சொல்லாவிடில் நீதியாகாது. பீற்றர் பிள்ளை அடிகள் 1954இல் நிறுவிய அக்குவைனாஸ் உயர்கல்வி நிலையத்தின் அதிபராக இருந்த திஸ்ஸ பாலசூரிய அடிகள், 1971இல் அப்பதவியை விட்டு, சமுதாயத்துக்கும் சமயத்துக்குமான நிலையம் ஒன்றை அமைத்து ஏழைகளின் பக்கம் நின்று எழுதினார். 1997இல் உரோமை அவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. அடுத்த ஆண்டே அத்தண்டனை நீங்கியது. பாளையங்கோட்டையில் 1923இல் நிறுவப்பட்ட தூய சவேரியார் கல்லூரி, 1980களில் நாட்டார் வழக்காற்றியலைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து, கூத்துக்காரரையும் கதைசொல்லிகளையும் ஆய்வுக்குரியோராக மதித்தது. தாமதமாயினும் நல்ல காரியம். கத்தோலிக்கக் கடற்கரையின் வாழ்வு தமிழ் நாவலில் விரிந்த உருவம் பெற ஜோ டி குருஸ் 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ எழுதும்வரை காத்திருக்க நேர்ந்ததையும் இங்கே நினைக்கலாம். தலவிலவுக்கு அருகே, நுரைச்சோலையில், 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தை அது கட்டப்படுமுன்பே மீனவரோடு சேர்ந்து எதிர்த்தவர்களில் இக்கரைக் குருமாரும் இருந்தனர்.

ஆக, அடுத்த நூற்றாண்டு மலரைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கும், அதில் கட்டுரை எழுதக் கேட்கப்படும் மாணவர்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. உதவி பெற்ற ஒவ்வொரு பாடசாலையும் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்றைப் பேண வேண்டியிருந்தது. கரையோரப் பங்குக் கோயில்களில் ஞானஸ்நானப் பதிவேடுகளும் மீன்பங்குக் கணக்குகளும் எழுதப்பட்டு வந்தன. கறையானும் உப்புக்காற்றும் விட்டுவைத்தவற்றை அலுமாரியிலிருந்து எடுத்துப் படிக்கட்டும். எந்த ஆண்டு, எந்தத் தவணையில் தமிழ் வாசகம் நிறுத்தப்பட்டது, அன்று முதலாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தனர், அடுத்த தவணைக்கு அவர்களுள் எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணிப் பார்க்கட்டும். அந்த வகுப்பில் அமர்ந்திருந்தவர்களுள் சிலர் இன்றும் உயிரோடு, தலவிலத் திருநாளுக்கு இரு மொழியிலும் செபமாலை சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.